‘வெறும் புகை’யை முதலில் பாடியவளுக்கு

பக்கத்து மனையில் காலையிலிருந்து தண்ணீருக்குப் போர் போடுகிறார்கள். ரிக் லாரியின் கதவில் திருச்செங்கோடு என்று எழுதியிருக்கிறது. பத்து மணிக்குள் வெள்ளைத் தூள் மதிலைத் தாண்டி வந்து மாடியில் காயப்போட்ட துணிகள், அம்மாவின் ரோஜாத் தொட்டிகள், வாசலில் நிற்கும் என் வண்டி எல்லாவற்றின் மேலும் படிந்துவிட்டது. "ஜன்னலைச் சாத்தேன்டி" என்று அம்மா கீழிருந்து கத்திக்கொண்டே இருக்கிறாள். நான் சாத்தவில்லை. உடைபட்ட கல்லின் தூளுக்கென்று ஒரு வாசனை உண்டு, தீக்குச்சியை உரசி அணைத்த மாதிரி. அதை நான் முதலில் முகர்ந்தது கல்லூரிப் பேருந்தில், பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்த உன் தலைமுடியில்தான்.

"எங்கூட்டுக்கு எதுத்தாப்லயே ரிக்குப் பட்டறைங்க. எத்தன தலைக்குக் குளிச்சாலும் இது போகாதுங்க" என்றாய். முதல் நாள் என்பதால் ஒரே வயதுக்காரியான என்னையும் 'ங்க' போட்டுப் பேசினாய். ஒரு வாரத்தில் நான் ரோஸ்லின் என்பது போய் ரோசு ஆகிவிட்டேன்.

நீ போய் இரண்டு வருடம் முடியப்போகிறது. இந்த மடலை அப்போதே எழுதியிருக்க வேண்டும். பலமுறை உட்கார்ந்தேன். நம் நட்பைப் பற்றி இரண்டு வரி, உன் சிரிப்பைப் பற்றி இரண்டு வரி எழுதுவேன். மூன்றாவது வரியில் என்ன எழுத வேண்டும் என்பது தெரிந்திருந்ததால் அங்கேயே கிழித்துப் போட்டுவிடுவேன். இன்று கிழிக்கப் போவதில்லை.

நாம் மூன்றே பேர். உன்னிடம் ஒரு கிட்டார். போனில் பார்த்துப் பார்த்து நீயாகவே கற்றுக்கொண்டது. ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டுக் குமரேசனிடம் யாரோ கழித்துப் போட்ட டிரம்ஸ். நான் கீபோர்டு. எட்டு வயதிலிருந்து எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடியவள் என்பதால் பாட்டு என்றால் எனக்குத்தான் தெரியும் என்று எனக்கொரு எண்ணம். ஞாயிற்றுக்கிழமை மதியம் பட்டறைக்கு விடுமுறை. வெல்டிங் கம்பிகளுக்கும் கழற்றிப் போட்ட எஞ்சின்களுக்கும் நடுவே, தகரக் கூரையின் கீழே வியர்த்து வழிய வாசிப்போம். சினிமாப் பாட்டு வேண்டாம், கல்யாணக் கச்சேரி வேண்டாம், நம்முடையதை மட்டும் வாசிப்போம் என்று சொன்னது நீ. குழுவுக்கு 'நானூறு அடி' என்று பெயர் வைத்ததும் நீதான். ஏன் என்று கேட்டதற்கு, "நானூறு அடி தாண்டுனா பொறவு நம்பிக்கைலதான் ஓட்டோணும்" என்றாய்.

நான் சுதி பிசகாமல் பாடுவேன். நீ பாடினால் குரல் கரகரவென்று வரும். உச்சத்துக்குப் போனால் உடையும். ஆரம்பத்தில் அதைத் திருத்தப் பார்த்தேன். "உடையாமப் பாடிப் பழகு" என்பேன். "கேக்கறவனுக்கு வலிக்கட்டும் ரோசு. சுத்தமாப் பாடோணும்னு எவன் சொன்னான்?" என்று சிரிப்பாய்.

'வெறும் புகை' பிறந்த மதியம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உன் அப்பா ரிக் ஓட்டிக்கொண்டு வடக்கே எங்கேயோ போயிருந்தார். வருடத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு வருபவர். போனை ஸ்பீக்கரில் போட்டு எஞ்சின் மேல் வைத்துவிட்டுக் கேட்டாய்.

"தண்ணி வந்துச்சாங்கப்பா?"

"எங்க சாமி. வெறும் பொகதான். எண்ணூறு அடி தாண்டியாச்சு, கல்லுத்தூளுதான் பொகையா வருது."

அவருக்குப் பின்னால் யாரோ ஒரு ஆண் நமக்குப் புரியாத மொழியில் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அழுகிறார் என்பது மட்டும் புரிந்தது. "அவரு என்னங்கப்பா சொல்றாரு?" என்று கேட்டாய். "நெலத்துக்காரரு சாமி. இன்னும் ஒரு ராடு ஆழம் எறக்குங்கன்னு கும்படறாரு. எறக்கி என்ன பண்றது, கீழ ஒண்ணுமில்ல" என்றார் அப்பா.

போனைத் துண்டித்தாய். கிட்டாரை எடுத்து மூன்று கார்டுகளை மட்டும் மாற்றி மாற்றி அடித்தாய். குமரேசன் ஒன்றும் கேட்காமல் உன்னோடு சேர்ந்துகொண்டான். நீ கண்ணை மூடிக்கொண்டு பாடினாய்.

தொளச்ச எடமெல்லாம் வெறும் புகை
தொடச்ச மொகமெல்லாம் வெறும் புகை
இன்னும் ஒரு ராடு எறக்குங்க சாமி
இன்னும் ஒரு ராடு எறக்குங்க

அந்தக் கடைசி 'எறக்குங்க'வில் உன் குரல் இரண்டாக உடைந்தது. குமரேசன் கையிலிருந்த குச்சிகளைக் கீழே வைத்துவிட்டான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதே நொடியில் பொறாமையும் வந்ததைச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு பாட்டு எனக்கு வந்ததில்லை. வரவும் போவதில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

கல்லூரி விழாவில் அதைப் பாடினாய். முன்வரிசை முழுக்க ரிக் வீட்டுப் பிள்ளைகள், லாரி வீட்டுப் பிள்ளைகள். விசிலடிக்கவே வந்து உட்கார்ந்தவர்கள் வாயிலிருந்த விரலை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் முறை அந்த வரி வந்தபோது எழுந்து நின்று கூடவே கத்தினார்கள். உன் குரல் அதில் மூழ்கியே போய்விட்டது. இறங்கி வந்ததும் உன்னைச் சுற்றி முப்பது பேர். என்னிடம் வந்தது பேராசிரியை ஒருவர் மட்டும். "நீயும் நல்லா வாசிச்சேம்மா" என்றார். 'நீயும்' என்ற அந்தச் சொல்லை வீடு வரைக்கும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அந்த விழாவுக்கு நடுவராகச் சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். புதுக் குழுக்களின் பாடல்களை இணையத்தில் வெளியிடும் சிறிய இசை நிறுவனம் ஒன்றை நடத்துபவர். "ஒழுங்காப் பதிவு செஞ்சு அனுப்புங்க, கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். வெளியாட்களிடம் பேசுவது எப்போதும் நான்தான் என்பதால் என் எண்ணை வாங்கிக்கொண்டார்.

சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம், பக்திப் பாட்டும் ஜவுளிக்கடை விளம்பரமும் பதிவு செய்கிற ஸ்டுடியோ. ஒரே அறை. ஒலிப்பதிவு செய்த சேகர் அண்ணன், "தனித்தனியா எடுக்க வசதியில்லப்பா, மூணு பேரும் ஒண்ணா வாசிச்சிருங்க" என்றார். நீ டிரம்ஸுக்கு எதிரே நின்று பாடினாய். மூன்றாவது முறையில் முடிந்தது. சேகர் அண்ணன் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றாமலே உன் பக்கம் திரும்பினார். "உங்கப்பா ரிக்குலயா இருக்கார்?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு வாரம் கழித்துச் சென்னையிலிருந்து போன் வந்தது. மாடியில் நின்று பேசினேன். அவர் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் இங்கே எழுதுகிறேன். "பாட்டு பிரமாதம். அந்தப் பொண்ணு குரல்தான் இதுல எல்லாமே. கடைசில ஒரு வரியில மட்டும் சொல் சரியா விழல. உடையட்டும், ஆனா சொல் கேக்கணும். அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி பாடி அனுப்பச் சொல்லுங்க."

"சரிங்க சார்" என்றேன். வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குத் திருச்செங்கோடு பேருந்து நிலையத்துக்கு எதிர்த்த பேக்கரியில் உன்னை வரச் சொன்னேன். ஓடி வந்தாய். வேர்த்திருந்தது. பப்ஸை ஒரு கடி கடித்துவிட்டு, வாயில் வைத்துக்கொண்டே கேட்டாய்.

"என்ன சொன்னாரு?"

"பாட்டு ரொம்பப் பிடிச்சிருக்காம்."

கையை உயர்த்திச் சத்தம் போட்டாய். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆனா குரல் வேண்டாமாம்" என்றேன்.

"யாரு கொரலு?"

"உன்னோடதுதான். ரொம்பக் கரகரன்னு இருக்காம். கேக்கறவங்க ஒதுங்கிடுவாங்களாம்."

"அப்படியேவா சொன்னாரு?"

"அப்படியேதான்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நீ நம்பிவிட்டாய். ஆனாலும் எனக்குப் போதவில்லை. "ரிக்குக்காரங்க எஞ்சின் சத்தத்துல கத்தற மாதிரி இருக்காம்" என்றும் சேர்த்துச் சொன்னேன். அதை அவர் சொல்லவில்லை, நானே யோசித்துச் சொன்னேன். உங்கள் வீட்டில் எல்லோரும் சத்தமாகப் பேசுவீர்கள். கல்லூரி சேர்ந்த புதிதில் அதற்காகப் பிள்ளைகள் உன்னைக் கேலி செய்தபோது நீ என் தோளில்தான் அழுதாய். எங்கே தொட்டால் உனக்கு வலிக்கும் என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

நீ மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாய். மீதிப் பப்ஸைத் தட்டிலேயே வைத்தாய். சுவரில் மாட்டியிருந்த கேக் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாய். பிறகு, "அப்ப நீ பாடு ரோசு. பாட்டு வீணாப் போகக் கூடாது" என்றாய்.

அடுத்த ஞாயிறு பட்டறையில் உட்கார்ந்து எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். என் ஆயுளில் அதைவிடப் பொறுமையான ஆசிரியை எனக்கு வாய்த்ததில்லை. "அந்த நெலத்துக்காரரு கெஞ்சறாரு ரோசு. நீ பூசைல பாடற மாதிரி பாடற. முழங்கால் போட்டுக் கேட்டுப் பாரு" என்றாய். எனக்கு உடையவில்லை. கடைசியில் தொண்டையை இறுக்கி ஒரு இடத்தில் விட்டால் உடைகிற மாதிரி ஒரு சத்தம் வரும் என்று கண்டுபிடித்தேன். நீ என்னையே பார்த்துவிட்டு, "செரி, இதே போதும்" என்றாய்.

ஸ்டுடியோவுக்கு உன்னை வரவேண்டாம் என்றேன். நீ இருந்தால் எனக்குப் பதற்றமாக இருக்கும் என்று காரணம் சொன்னேன். நான் பாடி முடிக்கும் வரை கீழே டீக்கடை பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்ததைப் பிறகு குமரேசன் சொன்னான். பழைய வாசிப்பை அப்படியே வைத்து அதன் மேல்தான் நான் பாடினேன். அன்று கிளம்பும்போது சேகர் அண்ணனிடம் உன் மைக்கில் பதிவான பழைய குரலை அழித்துவிடச் சொன்னேன். "இருக்கட்டுமேம்மா, இது பாட்டுக்கு ஒரு மூலையில கெடக்கும்" என்றார். "வேண்டாம்ண்ணா, கொழப்பமாயிடும்" என்றேன். என் கணினியில் இருந்த பிரதியையும் அன்றைக்கே அழித்தேன். சென்னைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று பேரும் பேசி முடிவெடுத்து இந்தக் குரலுக்கு மாற்றிவிட்டோம் என்று எழுதினேன். அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

'வெறும் புகை' வெளியே வந்தது. நாம் எதிர்பார்த்த மாதிரியெல்லாம் இல்லை, அதற்கும் மேலே போனது. சங்ககிரி டோல்கேட்டில் ஒரு லாரிக்குள்ளிருந்து என் குரல் கேட்டது. யாரென்றே தெரியாதவர்கள் எழுதினார்கள். 'எறக்குங்க' என்ற இடத்தில் அழுதுவிட்டோம் என்றார்கள். ஒரு பேட்டியில் பாட்டை யார் எழுதியது என்று கேட்டார்கள். "மூணு பேரும் சேர்ந்துதான்" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீ தலையாட்டினாய்.

மெல்ல நீ வருவதைக் குறைத்தாய். படிப்பு முடிந்ததும் குமாரபாளையத்தில் ஒரு ஜவுளி ஏற்றுமதி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாய். "சனிக்கெழமையும் ஆபீசு இருக்குது, நீங்க பாருங்க" என்றாய். உன் இடத்துக்குச் சேலத்திலிருந்து ஒரு கிட்டார்காரனைச் சேர்த்துக்கொண்டோம். நான் உன்னைத் தடுக்கவில்லை.

நாமக்கல்லில் ஒரு கல்லூரி மைதானத்தில் நம் குழு வாசித்த மாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலுவலகம் முடிந்து நேராக வந்து கூட்டத்தில் நின்றிருந்தாய். தோளில் சாப்பாட்டுப் பை. குமரேசன்தான் முதலில் பார்த்தான். குச்சியை ஆட்டி உன்னை மேலே வரச் சொன்னான். நீ வேண்டாம் என்று தலையசைத்தாய். அவன் விடவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக நீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாய். நீ மேடைப் படியில் கால் வைத்ததைப் பார்த்தேன். பார்த்த பிறகுதான் மைக்கைப் பிடித்து அடுத்த பாட்டை ஆரம்பித்தேன். 'வெறும் புகை'தான் அது. மூன்றாவது படியில் அப்படியே நின்றுவிட்டாய். மேலே வரவும் முடியாமல், ஆயிரம் பேர் பார்க்க இறங்கவும் முடியாமல், பாட்டு முடிகிற வரைக்கும் அந்தப் படியிலேயே நின்றாய். முடிந்ததும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டிவிட்டு இறங்கிப் போனாய்.

கடைசியாக உன்னைப் பார்த்தது சேலம் புது பேருந்து நிலையத்தில். குமாரபாளையம் பேருந்துக்காக நின்றிருந்தாய். கொஞ்சம் இளைத்திருந்தாய். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதைச் சொன்னாய். என் அம்மாவைக் கேட்டாய். வண்டி வந்து நின்றதும் ஏறப் போனவள் திரும்பி, "ரோசு, ஒண்ணு சொல்லோணும்" என்றாய்.

"சொல்லு."

"அந்தக் கடைசி வரில ஒடையற மாதிரி நடிக்காத. கேக்க நல்லால்ல. உனக்கு ஒடையாது. விட்டுரு."

கோபமாகச் சொல்லவில்லை. மாவு புளித்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாய். "வாரேன்" என்று ஏறிக்கொண்டாய். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்ததா என்றுகூட நான் பார்க்கவில்லை. பொறாமையில் பேசுகிறாள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு நடந்தேன்.

நீ இறந்த செய்தியைக் கோயம்புத்தூரில் கேட்டேன். மத்தியானம் பன்னிரண்டு மணி. மேடையில் ஒலிபெருக்கிகளைச் சோதித்துக்கொண்டிருந்தோம். குமரேசன் போனைக் காதில் வைத்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டான். மூன்று நாள் காய்ச்சலாம். சாதாரணக் காய்ச்சல் என்று நீயே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு அலுவலகம் போயிருக்கிறாய். டெங்கு என்று தெரிந்து ஈரோட்டுக்குக் கொண்டுபோகும்போதே முடிந்துவிட்டதாம். இருபத்து நான்கு வயது.

"கெளம்பு, போலாம்" என்றான் குமரேசன்.

"சாயங்காலம் நிகழ்ச்சி இருக்கே."

"ரோஸ்லின், அவ செத்துப்போயிட்டா."

"ஒத்துக்கிட்டாச்சு குமரேசா. இவ்வளவு பேர் வர்றாங்க. நாளைக்குக் காலைல போயிடலாம்."

அவன் குச்சிகளை அங்கேயே போட்டுவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடினான். வேறு ஒருவரை டிரம்ஸில் உட்கார வைத்துக்கொண்டு நான் பாடினேன். 'வெறும் புகை'யை அன்றைக்குப் போல நான் ஒருநாளும் பாடியதில்லை. முன்னால் நின்ற பெண்கள் தேம்பினார்கள். உன் உடம்பு எரிந்துகொண்டிருந்த நேரம் அது. அந்த நிகழ்ச்சியின் காணொளியைத்தான் இன்றும் எல்லோரும் பகிர்ந்துகொள்கிறார்கள்.

காலையில் போகவில்லை. பதினாறாம் நாள் காரியமும் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் உங்கள் வீட்டுப் படியேறினேன். உன் அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

"ஏனுங்க சாமி, அவ பாடுனது எதாச்சும் உங்ககிட்ட இருக்குதுங்களா? போன்ல 'அம்மா பஸ் ஏறிட்டேன்', 'அம்மா சாப்பிட்டேன்'னு பேசி அனுப்புனதெல்லாம் இருக்குது. பாடுனது ஒண்ணுகூட இல்லீங்க."

"தேடிப் பாக்கறேம்மா" என்றேன். எதைத் தேடுவது? கல்லூரி விழாவில் பிள்ளைகள் எடுத்த காணொளிகளில் கூச்சல்தான் இருந்தது. மறுநாளே சேகர் அண்ணனிடம் போய் நின்றேன். "நீதானம்மா அழிக்கச் சொன்னே" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, கணினியைத் திறந்து எதையெதையோ தேடினார். பிறகு ஹெட்போனை என் தலையில் மாட்டினார்.

"டிரம்ஸுக்கு முன்னாடி வெச்ச மைக்குல பதிவானது இது. எல்லாரும் ஒரே ரூம்ல ஒண்ணா வாசிச்சீங்கள்ல? அந்தப் பொண்ணு பாடுனதும் இதுல விழுந்திருக்கு. இதை மட்டும் தனியா அழிக்க முடியாது. நீங்க வெளியிட்ட பாட்டுலயும் இது அடியில ஓடிட்டுதான் இருக்கு."

சிம்பல்களின் இரைச்சலுக்கும் பின்னால், பக்கத்துத் தெருவிலிருந்து கேட்கிற மாதிரி நீ பாடிக்கொண்டிருந்தாய். கடைசி வரியில் உடைந்தது. லாரிக்குள்ளிருந்து கேட்டபோதும், கோயம்புத்தூரில் நான் பாடுவதற்கு முன்னால் ஒலிபெருக்கியில் போட்டபோதும், என் குரலுக்கு அடியில் நீ இருந்திருக்கிறாய்.

அதை ஒரு போனில் ஏற்றிக்கொண்டு குமரேசனையும் அழைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கேட்டார். பாதியில் கையை உயர்த்தினார். மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார். மூன்று முறை கேட்டார். பிறகு கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எம் புள்ள ஏனுங்க இவ்வளவு தூரத்துல நின்னு பாடறா?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சென்னைக்காரர் சொன்னது என்ன, பேக்கரியில் நான் சொன்னது என்ன, ரிக்குக்காரங்க என்று நானாகச் சேர்த்தது, அழிக்கச் சொன்னது, எல்லாம். குமரேசன் என்னைவிட்டு ஓரடி நகர்ந்து நின்றான். உன் அம்மா என்னைக் கடைசி வரை சொல்லவிட்டார்.

"அவளுக்குத் தெரியுமுங்க" என்றார்.

என்ன தெரியும் என்று கேட்டேன்.

"பாட்டு வெளிய வாரதுக்கு முந்தின நாளு அந்த மெட்ராஸ்காரரு எப்படியோ நெம்பரு வாங்கி அவளுக்கே போன் போட்டாருங்க. உங்க கொரலுதான் நல்லாருந்துச்சு, ஒரே ஒரு வரியத்தான திருப்பிப் பாடச் சொன்னேன், நீங்க ஏன் ஒதுங்கிக்கிட்டீங்க, உங்களுக்குச் சம்மதந்தானான்னு கேட்டாரு. இதே எடத்துல உக்காந்துதான் பேசுனா. ஆமாங்க, எனக்குச் சம்மதந்தானுங்கன்னு சொல்லிப் போட்டு வெச்சுட்டா. ஏன் சாமி அப்படிச் சொன்னேன்னு கேட்டேன். 'அவளுக்கு அது வேணும் போல இருக்குதும்மா. எனக்கு வேற பாட்டு வரும்'னா."

தெரிந்துகொண்டுதான் பேட்டியில் தலையாட்டினாயா? தெரிந்துகொண்டுதான் சாப்பாட்டுப் பையோடு சிரித்தபடி படியேறினாயா?

"வேற பாட்டு வந்துச்சாங்கம்மா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எங்கீங்க. அதுக்கப்பறம் ஊட்டுக்குள்ளகூட அவ வாயத் தொறந்து பாடலீங்க."

எழுந்து போனை என்னிடம் திருப்பிக் கொடுக்க வந்தவர், மனசு மாறித் தன்னிடமே வைத்துக்கொண்டார். வாசல் வரைக்கும் வந்தார். "கொண்டாந்து குடுத்ததுக்குச் சந்தோசமுங்க" என்றார். பிறகு அதே மரியாதைக் குரலில், "இனி இங்க வராதீங்க சாமி" என்றார்.

குமரேசன் அன்றோடு குழுவை விட்டான். பேருந்து நிறுத்தம் வரை ஒன்றாக நடந்தோம். அவனுடைய பேருந்து வந்ததும் ஏறிக்கொண்டான். திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நீ நம்பிய அந்த வேறு பாட்டு எனக்கும் வரவில்லை. அதற்குப் பிறகு நாலு பாட்டு வெளியிட்டோம். எங்கே போனாலும் 'வெறும் புகை'யைப் பாடச் சொல்லித்தான் கேட்கிறார்கள். நிறுவனத்துக்கு எழுதி, பாட்டை எழுதி மெட்டமைத்தது நீ என்று மாற்ற வைத்தேன். அதை யார் படிக்கிறார்கள்?

போன மாதம் சேலத்தில் ஒரு விழா. மாலை ஆறு மணி, வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. வழக்கம்போல அந்தப் பாட்டைக் கேட்டுக் கத்தினார்கள். மைக்கைப் பிடித்தவள் பாட ஆரம்பிக்காமல் பேசினேன். முதன்முறையாக வெளியே சொன்னேன். இது என் பாட்டில்லை என்றேன். இதை எழுதி முதலில் பாடியவள் என் தோழி, அவள் குரலை நான் பொய் சொல்லி எடுத்துவிட்டேன், அவள் செத்த அன்றும் நான் இதைத்தான் பாடிக்கொண்டிருந்தேன் என்றேன். அவள் கேட்டுக்கொண்டதற்காக அந்த வரியை இனி நடிக்காமல் பாடுவேன் என்றேன். சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தேன். யாராவது ஒரு பாட்டிலை எடுத்து வீசுவார்கள் என்று நினைத்தேன். ஒருவராவது எழுந்து போவார் என்று நினைத்தேன்.

பின்வரிசையில் ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார். அது அப்படியே முன்னால் பரவியது. எழுந்து நின்று தட்டினார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "லவ் யூ ரோஸ்லின்" என்று கத்தினாள்.

கைதட்டல் அடங்கும்வரை நின்றேன். பிறகு பாட ஆரம்பித்தேன்.